ஆளில்லா மாடிவீட்டுக்குக் காப்புறுதி

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஆறு பேர். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. ஆறும் இன்று தங்கள் உழைப்பில் சாப்பிடுகின்றன. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று கேட்டால் அரை நாள் இருந்து சொல்லுவேன். பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைதான். பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன். கையெழுத்து வடிவாக இருப்பதாக வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இதை நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்குகிறாள். ஆக்கட்டும். உடுப்பு மாற்றினாலும் ஆள் நான்தான்.

கிளிநொச்சியில் ஒரு வங்கி முகாமையாளர் ஒருநாள் என்னை இன்னொருவருக்கு அறிமுகம் செய்தபோது, "இவா ஒரு முதலீட்டாளர்" என்றார். அந்தச் சொல்லை நான் வெற்றிலை போல வாய்க்குள் அடக்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன். வந்ததும் என் இளைய மகளிடம் சொன்னேன். அவள் ஆசிரியை. நான் அவளோடுதான் இருக்கிறேன்.

"முதலீட்டாளர் எண்டால் நட்டப்பட்டாலும் அழக்கூடாதம்மா, தெரியுமோ?" என்றாள்.

"நான் ஏனடி அழப்போறன்?" என்றேன்.

அழுதேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வங்கிக்குக் கடன் கட்ட முடியாமற் போன வீடுகளையும் காணிகளையும் வங்கி ஏலத்தில் விடும். ஏலம் அந்த வளவின் வாசற் படலையடியிலேயே நடக்கும். அயலவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள், ஒருவரும் விலை கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டை ஏலத்தில் எடுத்துவிட்டு நாளைக்கு அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? எங்கள் பக்கத்தில் அது ஒரு கட்டுப்பாடு. எழுதாத கட்டுப்பாடு. வெளியூர்க்காரர் வந்தால்தான் ஏலம் ஏறும். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்த குடும்பம். இந்த வன்னியில் எனக்கு எல்லா ஊரும் வெளியூர்தான். இதை ஒரு தகுதி என்று கண்டுபிடித்தது நானேதான்.

முதலில் புதுக்குடியிருப்பில் ஒரு கடையறை எடுத்து ரியூஷன் வகுப்பு நடத்துகிற ஒருவருக்கு விற்றேன். பிறகு முள்ளியவளையில் ஒரு சின்ன வீடு. அதையும் விற்றேன். இரண்டும் கைக்காசுக்கு எடுத்தவை, ஆதாயத்துக்குப் போனவை. அப்போதே வெற்றிலையைத் துப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் முதலீட்டாளர் வீட்டில் இருப்பாரா?

மூன்றாவதாக முரசுமோட்டைப் பக்கம் ஒரு மாடிவீடு ஏலத்துக்கு வந்தது. சுற்றிவர வயல். நடுவில் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட பெண் மாதிரி அந்த வீடு. மேலே ஒரு பல்கனி. அதைப் பார்த்ததும் என் கை தானாக உயர்ந்தது. அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கை உயராது.

விலையில் பத்திலொன்றை அந்த இடத்திலேயே கட்ட வேண்டும். கட்டினேன். முந்திய இரண்டிலும் நான் உழைத்ததெல்லாம் அதற்குள் போனது. மீதியை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், தவறினால் கட்டியது திரும்பி வராது. அந்த மீதிக்கு ஏலம் விட்ட வங்கியே கடன் தருவதாகச் சொன்னது. என் வயதுக்குத் தனியே தரமாட்டார்களாம். மகளும் கையெழுத்து வைக்க வேண்டும். அவள் வைத்தாள். பேனையை மூடும்போது என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே சொல்லவில்லை. வளவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பூட்டுத் திறப்பையும் தந்தார்கள். வீட்டை என் பெயருக்கு மாற்றுகிற உறுதி பிறகுதான்.

"எல்லாம் சரியம்மா" என்றார் முகாமையாளர். "வீட்டுக்கு ஒரு காப்புறுதி எடுத்துக்கொண்டு வாங்கோ. நெருப்பு, வெள்ளம், களவு எல்லாத்துக்கும். அது வந்தால்தான் கடன் காசைத் தரலாம்."

"நெருப்பு எங்கால வரும் தம்பி? ஆளில்லா வீட்டில அடுப்பே எரியிறேல்லை."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஆளில்லையோ?"

"ஏலத்தில எடுத்த வீட்டில ஆர் இருப்பினம்?"

"உதைப் போய்க் காப்புறுதிக் கொம்பனியில சொல்லிப்போடாதேங்கோ" என்றவர், கொஞ்சம் யோசித்து, "இல்லையில்லை, சொல்லத்தான் வேணும்" என்றார். அவர் முகம் எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு நன்றாக விளங்கியது.

முதற் கொம்பனியில் ஒரு பிள்ளை கணினிக்கு முன்னால் இருந்து கேள்வி கேட்டாள். கூரை என்ன, சுவர் என்ன, மின்சாரம் உண்டா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் நான் தலை நிமிர்ந்து பதில் சொன்னேன். ஓட்டுக் கூரை, சீமெந்துச் சுவர், மாடி.

"வீட்டில ஆர் இருக்கினம் அம்மா?"

"ஒருத்தரும் இல்லை."

"எவ்வளவு காலமா?"

"ஆறேழு மாசமிருக்கும்."

அவள் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அப்ப ஏலாதம்மா. ஒரு மாசத்துக்கு மேல ஆளில்லாட்டி நாங்கள் எடுக்கிறேல்லை."

இரண்டாவது கொம்பனியில் வாசலிலேயே முடிந்துவிட்டது. மூன்றாவதில் ஒரு முகவர் கிடைத்தார். நாற்பது வயது வரும், மோட்டார் சைக்கிளில் ஊரூராகத் திரிகிறவர், பொறுமையான மனிதர். என்னை இருத்தித் தேத்தண்ணி தந்து விளங்கப்படுத்தினார்.

"அம்மா, குழாய் உடைஞ்சால் பூட்ட ஆளில்லை. வயர் புகைஞ்சால் மணக்க மூக்கில்லை. கள்ளன் வந்தால் இருமக்கூட ஆளில்லை. ஆளில்லா வீட்டில சின்ன விசயம் பெரிசாகிறது. அதுக்குத்தான் கொம்பனி பயப்பிடுது."

"அப்ப கொம்பனிக்கு இருமல் சத்தம்தான் வேணுமோ?"

"ஓம் அம்மா, கிட்டத்தட்ட அதுதான்."

இன்னொரு வழியும் சொன்னார். திருத்த வேலை நடக்கிற வீடென்றால் அதற்கு வேறு விதமான காப்புறுதி இருக்கிறதாம். ஆனால் மேசன்மார் உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். மேசன்மாரை உண்மையாக வேலை செய்ய வைக்க எனக்கு இன்னொரு கடன் எடுக்க வேண்டி வரும். ஆகவே, "ஆக்களைக் குடியிருத்திறன் தம்பி, நீர் அலுவலைப் பாரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். குடியிருக்க ஆள் வர இருக்கிறது என்று அவர் எழுதிக்கொண்டார். வீட்டைப் பார்க்க மேலதிகாரி ஒருவர் ஒருநாள் வருவார் என்றும் சொன்னார்.

மாடிவீட்டுக்கு ஆளா கிடைக்காது? எனக்கு அப்படி ஒரு எண்ணம்.

பக்கத்து வயலில் வேலை செய்கிற மலையகக் குடும்பம் ஒன்று தகரக் கொட்டிலில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் போய், வாடகை வேண்டாம், வந்து இருங்கள் என்றேன். பெரிய தருமம் செய்வது போலக் குரலை வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் கையிலிருந்த களையைக் கீழே போடாமலே பதில் சொன்னாள்.

"அது சரிப்படாதுங்கம்மா. அழுதுகிட்டே போனவங்க வீடு அது. நாங்க நின்னு பாத்தோம். அங்க போய்ப் பால் காய்ச்ச எனக்கு மனசு வராது. கொட்டில்ல மழை ஒழுகுது, ஆனா தூக்கம் வருதுங்க."

பிறகு வேறு சிலரைக் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாட்டு. உள்ளுக்குள் எல்லோருக்கும் ஒரே காரணம்தான். இன்னொருத்தியின் வயிற்றெரிச்சல் கிடக்கிற வீட்டில் யார் கும்பம் வைப்பார்கள்? இந்த ஊரார் ஏலத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. அது மரியாதை மட்டுமில்லை, புத்தியும்தான்.

இதற்கிடையில் கள்ளர் வந்து தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்குக் கை சும்மா இராது. ஒரு வெருளி கட்டினேன்.

வயலில் குருவிக்கும், கட்டுகிற வீட்டில் கண்ணூறுக்கும் வெருளி கட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நான் கட்டிய வெருளி அந்த மாதிரி இல்லை. காலமான என் மனுசனின் கோடு போட்ட சேட்டும் இடுப்பில் உடுக்கிற சாரமும் கொண்டு போனேன். வைக்கோல் திணித்து, வயிறு அவருக்கிருந்த அளவுக்கே வைத்தேன். பானைத் தலைக்குத் துவாய் சுற்றி, அவருடைய பழைய கண்ணாடியைப் போட்டேன். பல்கனியில் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கையில் பேப்பரைக் கொடுத்தேன். படலையில் வந்து நின்று பார்த்தபோது எனக்கே ஒரு நிமிடம், "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்க வாய் வந்தது. அதற்குப் பிறகு கள்ளர் வரவில்லை. மகளுக்குச் சொன்னேன்.

"அப்பாவை வேலைக்கு வைச்சிட்டியளோ?" என்றாள்.

"உயிரோட இருக்கேக்க சும்மா இருந்தவர்தானே. இப்ப இருந்து காவல் காக்கட்டும்" என்றேன்.

மாதம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் காலமை முகவர் மோட்டார் சைக்கிளை எங்கள் வீட்டு வாசலிலே நிற்பாட்டிச் சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"அம்மா, அலுவல் சரி. எங்கட மேலதிகாரி நேற்று அந்தப் பக்கம் போனவர், போகேக்க வீட்டையும் பார்த்திட்டார். ஆள் குடியிருக்கு எண்டு எழுதிப்போட்டார். இந்தக் கிழமை காப்புறுதி வந்திடும்."

"ஆள் குடியிருக்கோ?" என்றேன்.

அவர் தன் போனை எடுத்துப் படம் காட்டினார். பூட்டிய படலைக்கு வெளியில் நின்று எடுத்த படம். மேலே பல்கனியில் வெயிலுக்கு நிழலாக என் மனுசன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். படத்தில் இன்னும் நன்றாக இருந்தார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். இருந்தேன், கொஞ்ச நேரம். என் உழைப்பெல்லாம் அந்தப் பத்திலொன்றில் கிடக்கிறது. மகளின் கையெழுத்து கிடக்கிறது. வைக்கோல் எனக்குச் செய்துவிட்ட உதவியை நான் ஏன் கெடுக்க வேண்டும்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, "தேத்தண்ணி குடியும் தம்பி" என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்டுதான் அம்மா, மேலதிகாரிக்குக் கொஞ்சம் மனவருத்தம். படலையில நிண்டு எத்தினை தரம் கூப்பிட்டவராம். ஐயா பேப்பரால தலை நிமித்தேல்லையாம். வா எண்டும் சொல்லேல்லை, போ எண்டும் சொல்லேல்லை. பெரிய மனுசர் சிலபேர் அப்பிடித்தானே. பரவாயில்லை."

எனக்குக் காதுக்குள் சூடு ஏறியது.

"ஆரைத் தம்பி சொல்லுறீர்? என்ர மனுசனையோ? வாசலுக்கு வந்த நாயையும் வா எண்டு சொல்லித்தான் சோறு போட்டவர். ஒரு ஆள் வந்து நிக்க எழும்பாமல் இருக்கிற ஆளோ அவர்?"

"இல்லையம்மா, நான் பிழையாச் சொல்லேல்லை..."

"எழும்ப அவருக்குக் காலில்லை! அது வைக்கோல்! அது நான் கட்டின வெருளி!"

முகவர் கோப்பையைக் கீழே வைத்தார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பானை தெரியும்வரைக்கும் பெரிதாக்கினார்.

"நல்லாக் கட்டியிருக்கிறியள் அம்மா" என்றார் மெல்ல.

"ஓம்" என்றேன் நான். அந்த நேரத்திலும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன் பாருங்கள்.

காப்புறுதி அத்தோடு போனது. பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பார்த்தால், சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"நல்லதம்மா. சொல்லாமல் விட்டிருந்தால், வீடு எரியிற நாளில வெருளியெல்லோ முதல் எரிஞ்சிருக்கும். கொம்பனி சாம்பலைப் பார்த்துக் காசு தருமோ?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இப்ப என்ன செய்யிறது?" என்றாள். அவள் குரலில் இருந்த பயத்தைக் கேட்டபோதுதான் நான் அழுதேன். குசினிக்குள் போய், வெங்காயம் உரிக்கிற சாட்டில்.

மறுநாள் ஒரு ஓட்டோ பிடித்து முரசுமோட்டைக்குப் போனேன். வெருளியை அவிழ்த்து எரிக்கிற எண்ணம். மரியாதை தெரியாதவர் என்று என் மனுசனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வைக்கோல்.

படலையைத் திறந்து போனால், கிணற்றடியில் நின்ற தேசிமரத்தடி, எலுமிச்சையைத்தான் சொல்கிறேன், ஈரமாக இருந்தது. பாத்தி கட்டி, புல் பிடுங்கியிருந்தது. கிணற்றுக்குப் பின்னாலிருந்து வாளியோடு ஒரு பெண் வந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது மதிக்கலாம். என்னைக் கண்டும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"ஆர் நீ?"

"தண்ணி ஊத்த வந்தனான்."

"ஆரின்ர வளவுக்கு ஆர் தண்ணி ஊத்திறது?"

"வளவு உங்கட. தேசி என்ர. நான் வைச்சது."

யாரென்று விளங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "படலை பூட்டிக் கிடந்ததே, எப்பிடி வந்தனி?"

"பின்வேலியில எங்கை ஓட்டை இருக்கெண்டு வீடு கட்டின எனக்குத் தெரியாதோ, ஆச்சி?"

ஆச்சி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அதற்காகத்தான் சொன்னாள்.

பிறகு தலையை உயர்த்திப் பல்கனியைப் பார்த்தாள். "மேல இருக்கிற ஐயா தங்கமான மனுசன். ஒருநாளும் என்னை ஏன் வந்தனி எண்டு கேட்டதில்லை. காத்துக்குச் சாரம் மட்டும் அவிண்டுபோச்சு. மரியாதை இல்லையெண்டு நான்தான் வெளிப்படியால ஏறிக் கட்டிவிட்டனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாத இடம். அடக்கப் பார்த்து இருமினேன். அவளும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். தோள் குலுங்கியது.

கிணற்றுக்கட்டில் இருந்து கதைத்தோம். அவளுடைய கணவர் நெல் வெட்டும் மெசின் ஒன்றை வீட்டை அடகு வைத்து வாங்கியிருக்கிறார். இரண்டு போகம் அறுவடை நேரத்து மழை. வெட்ட நெல்லில்லை, கட்டக் காசில்லை. மெசினும் போய், வீடும் போனது. மனிதர் இப்போது கட்டாரில் வேலைக்கு. இவள் இரண்டு பிள்ளைகளோடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தமையனின் கொட்டிலில். அழாமல் சொன்னாள். நான்தான் தேசிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. நீ இந்த வீட்டைச் சபிக்கிறனியோ?"

"நான் கட்டின வீட்டை நான் சபிப்பனோ?"

"என்னை?"

வாளிக் கயிற்றைச் சுற்றினாள். "சிலவேளை. தண்ணி அள்ளேக்க. மோட்டரும் இல்லையெல்லோ."

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஊரிலுள்ளவர்கள் ஒருவரும் இந்த வீட்டுக்கு வராதது இவளுடைய வயிற்றெரிச்சலுக்குப் பயந்து. இவளே வந்து குடியிருந்தால்? தன்னுடைய வயிற்றெரிச்சலுக்குத் தானே பயப்பட மாட்டாளே. இவ்வளவு நாளும் ஊரெல்லாம் ஆள் தேடியிருக்கிறேன். இந்த வீட்டில் இருக்கக்கூடிய ஒரே ஆள் பின்வேலியால் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறாள். முதலீட்டாளரின் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது.

கேட்டேன். காப்புறுதிக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள்.

"என்ர வீட்டில நான் வாடகைக்கோ?"

"வீடு இப்ப என்ர."

"உறுதி?"

"இன்னும் வரேல்லை."

"அப்ப உங்கடயும் இல்லை, என்ரயும் இல்லை. அந்த ஐயாவின்ர எண்டு வைப்பம்."

"வாய் காட்டாதை. வாடகை எவ்வளவு தருவாய்?"

"ஒண்டும் தரமாட்டன்."

"அப்ப நான் எவ்வளவு கேக்கிறது?"

"தேசிக்காய் தரலாம்."

"தேசிக்காய் என்ர வளவில காய்க்கிறது."

"மரம் நான் வைச்சது."

இரண்டு பேரும் வாளியைப் பார்த்தோம். கடைசியில் தேசிக்காய்க்கு நான் இணங்கினேன். எழுபத்து நான்கு வயதில், மாடிவீட்டுக்கு மாதம் ஒரு பை தேசிக்காய். ஆனால் அவள் அதோடு விடவில்லை.

"ரெண்டு சொல்லுறன். ஒண்டு, இந்த வீட்டில ஒருக்கால் பால் காய்ச்சினனான். இன்னொருக்கால் காய்ச்ச மாட்டன். நான் புதுசா குடிவரேல்லை."

"காய்ச்சாதை. தேத்தண்ணி வை. காப்புறுதிக்காரன் வந்து குடிச்சால் காணும். மற்றது?"

"நீங்கள் விக்கிறதெண்டால் முதல் என்னைக் கேக்க வேணும். ரெண்டு போகம் பொறுக்க வேணும். அவர் கட்டாரால அனுப்புவார்."

மாடிவீட்டை நல்ல விலைக்கு விற்று ஊருக்கு வாய் திறந்து சொல்லுவதற்காகத்தான் வாங்கினேன். ஆனால் தவணை நெருங்கிவிட்டது. மகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. இவளுடைய முகமோ முன்னுக்கே நின்றது.

"ஓம்" என்றேன்.

"சும்மா சொல்லுறியளோ?"

"நான் சும்மா சொல்லுற ஆளெண்டால் காப்புறுதி இந்தக் கிழமையே வந்திருக்கும்."

அவள் அன்றைக்கே பிள்ளைகளோடு வந்தாள். பின்வேலியால் இல்லை, படலையால். மேலே ஏறி வெருளியை அவிழ்த்தது அவள்தான். சேட்டையும் சாரத்தையும் தோய்த்து மடித்து, கண்ணாடியை மேலே வைத்து என் கையில் தந்தாள். ஆள் இருக்கிற வீட்டில் வெருளி இருக்கக்கூடாதாம்.

கிராம அதிகாரி விதானையிடம் போய், இன்னார் இன்ன வீட்டில் இருக்கிறார் என்று கடிதம் எடுத்து முகவரிடம் கொடுத்தோம். முகவரும் மேலதிகாரியும் சேர்ந்து வந்தார்கள். மேலதிகாரி படலையில் நின்று முதலில் பல்கனியைத்தான் பார்த்தார்.

"ஐயா இல்லையோ?" என்றார்.

"அவர் மாறிப்போனார்" என்றாள் இவள். "நீங்கள் வாங்கோ, இருங்கோ. இங்கை ஆர் வந்தாலும் எழும்பி வரவேற்கிறனாங்கள்."

மனிதர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். குசினி, வயர், குழாய் எல்லாம் பார்த்தார். அடுப்பில் சோறு கொதித்தது. கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை. தேத்தண்ணி குடித்துவிட்டு எழுத இருந்தார்.

"இருக்கிறவா வீட்டுக்காரருக்கு என்ன முறை?"

நான், "வாடகைக்கு" என்றேன். அவள், "வீட்டுக்காரி" என்றாள். இரண்டு சொல்லும் ஒரே நேரத்தில் விழுந்தன. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகவர் அவர் காதுக்குள் ஏதோ சொன்னார். வாடகைக்கு இருப்பவர் என்றுதான் எழுதியதாகப் பிறகு மகள் வாசித்துச் சொன்னாள்.

காப்புறுதி வந்தது. தவணை முடிய முன் வங்கி கடன் காசைத் தந்தது. உறுதியில் நான் வைத்த கையெழுத்து முன்னெப்போதையும் விட வடிவாக விழுந்தது. வெளியே வந்து மகள் என் கையைப் பிடித்தாள். அது அவளுக்குப் பெரிய விசயம்.

இனி நான் நல்ல முதலீட்டாளராக இருக்கலாம் என்று நினைத்தேன். ஒருநாள், விலை எவ்வளவு போகும் என்று அறிகிற ஆசையில், பரந்தன் பக்கத்து ஆசிரியர் தம்பதியைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டினேன். விற்க இல்லை, அறியத்தான். அவள் கதிரை போட்டு, தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்துவிட்டு, அவர்களை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"இந்த மூலை மாரிக்கு ஒழுகும். இந்த வெடிப்பு கட்டின வருசமே வந்தது. கிணறு பங்குனியில வத்தும்."

அவர்கள் தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை.

"உனக்கென்ன விசரோ?" என்று கத்தினேன்.

"உள்ளதைத்தானே அம்மா சொன்னனான். உங்களிட்டைத்தான் பழகினது" என்றாள். கவனியுங்கள், அம்மா என்றாள். அதனால் மேலே கத்த முடியவில்லை.

இப்போது முதற் போகம் முடிந்துவிட்டது. கட்டாரிலிருந்து கொஞ்சம் காசு வந்திருக்கிறது, அதை அவள் என் மகளின் கையில் கொடுத்து வைத்திருக்கிறாள். நான் எடுத்த விலைக்கும், எனக்குச் செலவான காப்புறுதிக்கும் மேல் ஒன்றும் கேட்பதில்லை என்று சொல்லியிருக்கிறேன். "இது முதலீடோ அம்மா?" என்கிறாள் மகள். "தேசிக்காய் ஊறுகாய் போட்டால் ஆதாயம் இருக்கு" என்கிறேன். எங்கள் வீட்டில் போத்தல் வைக்க இடமில்லை.

காப்புறுதியில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆளில்லாமல் ஒரு மாதம் கிடந்தால் அது செல்லாது. போன மாதம் மாடிவீட்டில் இருப்பவளின் தாய்க்குக் காலில் சத்திரசிகிச்சை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முள்ளியவளைக்குப் போனாள், எப்போது வருவாள் என்று சொல்ல முடியாது. யார் வீட்டில் இருப்பது? முதலீட்டாளர்தான் பாயும் தலையணையும் கொண்டு போனார். பகலில் வேறு வேலை இல்லை. பல்கனியில் அதே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். பேப்பர் வாசிக்கிற அளவுக்குப் படிக்காவிட்டாலும் கையில் ஒரு பேப்பர், ஈ விரட்ட.

ஒருநாள் மத்தியானம் மேலதிகாரியின் மோட்டார் சைக்கிள் படலையில் நின்றது. அவர் மேலே பார்த்தார். நான் அசையாமல் இருந்திருக்கிறேன் போலும். கண்ணைச் சுருக்கி இன்னும் பார்த்தார். பிறகு போனை எடுத்தார், படம் பிடிக்க.

நான் எழும்பினேன். முழங்கால் நோ தெரியாமல் எழும்பி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். "வாங்கோ! வாங்கோ! உயிரோடதான் இருக்கிறன்!" என்று கத்தினேன். வயலில் நின்ற கொக்குகளெல்லாம் எழும்பிப் போயின. வெருளி இருந்த நாளில்கூட அங்கே அவ்வளவு பறவை கலைந்ததில்லை.

சரி, இவ்வளவும் காணும். பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசி. முதலில இருந்து வேண்டாம். அந்த வெருளியை நல்லாக் கட்டியிருக்கிறியள் எண்டு முகவர் சொன்ன இடம் இருக்கெல்லோ, அதை வாசி. விட்டுப்போட்டியோ எண்டு பார்ப்பம்.